7490-ஐ ஊர்லயே விட்டுட்டு வாங்க சாமிகளா

ரொம்ப நாளா மனசுல அடக்கி வச்சிருந்த கோபம். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, ஆபீஸ் ஆணி எதுவும் இல்லை, கொட்டிடறேன். கோபம் யார் மேலன்னா, என்னை மாதிரியே தொண்ணூறுகள்ல டிப்ளமாவோ பி.இ.யோ முடிச்சு, ரயிலேறி பம்பாய், புனே, டெல்லின்னு வந்து செட்டிலாகி, இப்ப பிள்ளைங்களோட எலக்ட்ரானிக்ஸ் ப்ராஜெக்ட்ல மூக்கை நுழைக்கிற அப்பாக்கள் மேலதான். அந்த வரிசையில முதல் ஆளா நானே நிக்கிறேன். அதனால யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

டிஸ்கி: எலக்ட்ரானிக்ஸ் வாடையே ஆகாதுன்னு ஓடறவங்களும் படிக்கலாம். எங்கம்மா வர்றாங்க.

விஷயம் இதுதான். ஊர்லேர்ந்து நாம மாவடு கொண்டு வந்தோம், காப்பிப்பொடி கொண்டு வந்தோம், இட்லி குண்டானைத் துணியில சுத்திக் கொண்டு வந்தோம். அதெல்லாம் சரி. கூடவே 7490-ன்னு ஒரு கவுன்டர் ஐ.சி.யையும் தலைக்குள்ள மூட்டை கட்டிக்கிட்டு வந்துட்டோம். பிள்ளை "அப்பா, எண்ணுற மாதிரி ஒரு சர்க்யூட் பண்ணணும்"னு வந்து நின்னா, எதை எண்ணணும், எங்க வைக்கணும், கரன்ட் எங்கேர்ந்து வரும்னு ஒரு கேள்வி கேக்கறதில்லை. எடு 7490, எடு 7447. ஏன்னா நமக்கு லேப்ல அதுதான் வந்துது. அஞ்சாவது பின்ல சப்ளை, பத்தாவது பின்ல கிரவுண்டு. மத்த ஐ.சி. எல்லாம் மூலையில வச்சிருக்கற சப்ளையை இது நடுவுல வச்சிருக்கும். அது ஞாபகம் இருக்கறதே ஒரு பெருமை. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். சொல்லி என்ன பிரயோஜனம்?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

அப்பா போனப்புறம் அம்மா திருநெல்வேலி வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட டோம்பிவிலி வந்துட்டாங்க. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். டோம்பிவிலி ரோட்டுல எழுபது வயசுக்காரங்க நடக்கறதாவது! அதனால சாயங்காலம் பில்டிங் மொட்டை மாடியில சுத்து. நாப்பது சுத்து கணக்கு. எண்ணிக்கை தப்பிடும்னு அம்மா ஒரு சுருக்குப்பையில நாப்பது புளியங்கொட்டை வச்சுக்கிட்டு, ஒரு சுத்துக்கு ஒண்ணா இன்னொரு பைக்கு மாத்துவாங்க. நல்ல டெக்னாலஜிதான். ஆனா ஒரு நாள் கொட்டையை எடுக்கக் குனிஞ்சு, தலை சுத்தி உக்காந்துட்டாங்க. அன்னிக்கு ராத்திரி எட்டாங்கிளாஸ் படிக்கிற என் பொண்ணு சொன்னா: "பாட்டிக்கு நான் ஒரு கவுன்டர் செஞ்சு தரேன். கையில வச்சு அமுக்கினா போதும்." ஸ்கூல் ப்ராஜெக்ட் இல்லை, மார்க் இல்லை. தானா தோணினது.

இந்த மாதிரி ஒரு வாய்ப்பு அப்பனுக்கு எத்தனை தடவை வரும்? வந்துது. நான் கெடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை தாதர்ல மாறி கிரான்ட் ரோடு இறங்கி லேமிங்டன் ரோடு போனோம். அவ எதுவும் கேக்கறதுக்கு முன்னாடி கவுன்டர்ல நான் லிஸ்டை ஒப்பிச்சேன். 74எல்.எஸ்.90 ரெண்டு, 74எல்.எஸ்.47 ரெண்டு, காமன் ஆனோடு டிஸ்ப்ளே ரெண்டு, 7805 ஒண்ணு, ஒரு 9 வோல்ட் பேட்டரி. கடைக்காரர் ஒரு கேள்வி கேக்கலை, பொட்டலம் கட்டிக் கொடுத்துட்டார். அவருக்கென்ன.

வீட்டுக்கு வந்து பிரெட்போர்டுல மாட்டினோம். ஆன் பண்ணினா 99. பட்டனை அமுக்கினா 99. பேட்டரியைப் பிடுங்கி மறுபடி போட்டாலும் 99. "ஏம்பா 9-லயே நிக்குது?"ன்னு கேட்டா. எனக்குத் தெரியலை. தெரியலைன்னு சொல்லியிருக்கலாம் இல்லையா? "லூஸ் கனெக்ஷன்"னேன். இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி படிச்சது, பின் நம்பர்தான் ஞாபகம் இருக்கு, காரணம் ஞாபகம் இல்லை. 7490-ல ரீசெட் பின் நாலு இருக்கு. ரெண்டு சேந்தா 0-க்குக் கொண்டுபோகும், மத்த ரெண்டு சேந்தா 9-க்குக் கொண்டுபோகும். டி.டி.எல். ஐ.சி.யில எங்கயும் மாட்டாம விட்ட பின் "ஹை"ன்னுதான் கணக்கு. நாலையும் அந்தரத்துல விட்டா 9-ங்கறதுதான் ஜெயிக்கும். சர்க்யூட் சரியாத்தான் வேலை பார்த்துது, நான்தான் தப்பு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ராத்திரி பன்னிரண்டு மணி ஆச்சு. அவ பத்து மணிக்கே தூங்கப் போயிட்டா.

மறுநாள் எண்ணிச்சு. மூணாவது நாள் பேட்டரி செத்துப்போச்சு. கணக்கு போட்டுப் பாருங்க. எல்.எஸ்.90 ஒண்ணுக்கு சுமார் 9 மில்லிஆம்பியர், எல்.எஸ்.47-க்கு 7. ரெண்டு ஜோடிக்கு 32. டிஸ்ப்ளேயில ஒரு செக்மென்டுக்கு 10-ன்னு வச்சா, சராசரியா பத்து செக்மென்ட் எரிஞ்சாலே 100. மொத்தம் 130-க்கு மேல. கடையில கிடைக்கிற சாதா 9 வோல்ட் பேட்டரியில இருக்கறதே சில நூறு மில்லிஆம்பியர்-அவர்தான். அதுலயும் 9 வோல்ட்டை 5 ஆக்கறதுக்கு 7805-ஐப் போட்டு, பாதிக்குப் பாதி சூடாக்கி காத்துல விடறோம். லேப்ல நமக்கு இது தெரியாது. அங்க மேஜை மேல பவர் சப்ளை இருந்துது, கரன்ட் பில் காலேஜ் கட்டிச்சு.

பொண்ணு ஒண்ணும் சொல்லலை. பிரெட்போர்டை அலமாரியில வச்சுட்டா. தங்கமணிதான் சொன்னாங்க: "அவ பாட்டிக்குச் செய்யணும்னா. நீங்க உங்க காலேஜுக்குச் செஞ்சீங்க." அம்மா பழையபடி புளியங்கொட்டையை எடுத்துக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் நான் உக்காந்து யோசிச்சது, முதல் நாள் அரை மணி நேரம் யோசிக்க வேண்டியது. கையில வச்சுக்கற சாமான், அதனால பேட்டரி. வேகம்? நிமிஷத்துக்கு ஒரு எண்ணிக்கை, ஆமை கூட முந்திடும். ரெண்டு இலக்கம் போதும். பாக்கறது வயசானவங்க, அதுவும் ஒவ்வொரு சுத்துக்கும் பாக்கப்போறதில்லை, எப்பவாவதுதான். இந்த நாலையும் ஒரு காகிதத்துல எழுதிட்டு அப்புறம் ஐ.சி. லிஸ்டைப் பார்த்தா, 7490 அந்தப் பக்கமே வராது. 4026-ன்னு ஒண்ணு தானா வந்து நிக்கும்.

சி.டி.4026 ஒண்ணே எண்ணும், ஏழு செக்மென்டுக்கும் தனித்தனியா அவுட்புட்டும் கொடுக்கும். 7490, 7447 ரெண்டு பேர் வேலையை ஒருத்தன் பாக்கறான். 3 வோல்ட்லேர்ந்து 18 வரைக்கும் தாங்கும், அதனால 9 வோல்ட் பேட்டரியை நேரா மாட்டலாம், 7805-க்கு டாட்டா. எண்ணாம சும்மா இருக்கும்போது சிப் மட்டும் எடுத்துக்கறது மைக்ரோஆம்பியர் கணக்கு. காமன் கேதோடு டிஸ்ப்ளே வேணும், இதை மறந்துட்டு வீட்டுல கிடக்கற காமன் ஆனோடை மாட்டிட்டு "ஐ.சி. டூப்ளிகேட்"னு கடைக்காரரைத் திட்டாதீங்க. ஒண்ணாம் இலக்கத்தோட அஞ்சாவது பின், அதாவது கேரி, அடுத்த சிப்போட முதல் பின்னுக்குப் போனா பத்தாம் இலக்கம் ஆச்சு. ரெண்டாவது பின் கிரவுண்டுக்கு. பதினஞ்சாவது பின் ரீசெட், அதை ஒரு 10 கிலோ ஓம் வழியா கிரவுண்டுக்கு இழுத்துட்டு, சப்ளைக்கு ஒரு பட்டன்.

இதை நான் "புதுசு"ன்னு சொல்ல வரலை, அதுதான் வேடிக்கை. 74 வரிசை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அறுபதுகள்ல கொண்டு வந்தது. 4000 வரிசையை ஆர்.சி.ஏ. 1968-ல கொண்டு வந்துது. ரெண்டுமே கிழங்கள்தான். ஒண்ணு நம்ம சிலபஸ்ல இருந்துது, இன்னொண்ணு கடைசி பெஞ்ச்ல உக்காந்திருந்துது. அவ்வளவுதான் வித்தியாசம். நாம சிலபஸைப் பிடிச்சுக்கிட்டு அதுக்கு "பேஸிக்ஸ்"னு பேர் வச்சுட்டோம். "7490 போட்டாத்தான் பேஸிக்ஸ் புரியும்"னு போன வருஷம் ஒரு கல்யாணத்துல ஒருத்தர் எங்கிட்ட அரை மணி நேரம் பேசினார். அண்ணே, அந்த நாலு ரீசெட் பின் ஏன் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துது. பாயசம் வந்துடுச்சு, விட்டுட்டேன்.

ரெண்டாவது தடவை லிஸ்டை அவளையே எழுதச் சொன்னேன். டேட்டாஷீட்டைப் பிரின்ட் எடுத்து அவ கையில கொடுத்துட்டு நான் வாயை மூடிக்கிட்டேன். (கஷ்டமான காரியம். செஞ்சு பார்த்தாத் தெரியும்.) முதல் நாள் கேட்டா: "மூணாவது பின் டிஸ்ப்ளே எனேபிள்னு போட்டிருக்கே, அதை ஏன் எல்லா படத்துலயும் சப்ளையோட நேரா சேத்துடறாங்க?" நான் பார்த்த படங்களும் அப்படித்தான். "சேக்கலைன்னா என்ன ஆகும்?" மாட்டிப் பார்த்தோம். அதைக் கிரவுண்டுக்குக் கொண்டுபோனா டிஸ்ப்ளே அணைஞ்சுடுது, எண்ணிக்கை உள்ள பத்திரமா ஓடிக்கிட்டே இருக்கு. "அப்ப பாட்டி பாக்கணும்னா மட்டும் அமுக்கட்டுமே!"

அந்த ஒரு பின்தான் இந்தச் சாமானையே மாத்திடுச்சு. ரெண்டு சிப்போட மூணாம் பின்னையும் சேத்து, ஒரு ரெசிஸ்டர் வழியா கிரவுண்டுக்கு இழுத்து, சப்ளைக்கு ஒரு பட்டன். அமுக்கினா எண் தெரியும், விட்டா இருட்டு. டிஸ்ப்ளே அணைஞ்சிருக்கும்போது பேட்டரிக்கு வேலையே இல்லை. ஆன்-ஆஃப் ஸ்விட்சே வைக்கலை. சோப்பு டப்பாவுக்குள்ள போய் உக்காந்த பேட்டரியை மாசக்கணக்கா மாத்தலை.

இதுல 4033-ன்னு அண்ணன் தம்பி ஒண்ணு உண்டு. அது 07-ன்னு காட்டாம முன்னாடி இருக்கற சைபரை மறைச்சு 7-ன்னு காட்டும். அழகுக்கு அது நல்லா இருக்கும், ஆனா அதுல இந்த மூணாம் பின் வித்தை கிடையாது. பேட்டரின்னா 4026, அடாப்டர்னா 4033-ன்னு பொண்ணு நோட்டுல எழுதி வச்சிருக்கா. அம்மாகிட்ட 07 பிடிக்கலையான்னு கேட்டோம். "கடியாரம் மாதிரி இருக்கு, இருக்கட்டும்"னுட்டாங்க.

ரெசிஸ்டர்ல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. கடையில விக்கிற சில கிட்டுல ஒவ்வொரு செக்மென்டுக்கும் ஒண்ணு போடாம, பொது கேதோடுல ஒரே ஒரு ரெசிஸ்டரைச் சொருகியிருப்பாங்க. 1 வரும்போது ரெண்டு செக்மென்ட்தான், பளிச்சுனு எரியும். 8 வரும்போது ஏழும் பங்கு போட்டுக்கிட்டு அழும். வயசான கண்ணுக்கு 8-ம் 0-வும் ஒண்ணாத் தெரியும். ஒரு இலக்கத்துக்கு ஏழு, மொத்தம் பதினாலு ரெசிஸ்டர். சால்டரிங் பண்ண அலுப்பா இருந்தா பண்ணாதீங்க, பிள்ளை பண்ணும்.

இப்ப எதிர்க்கட்சிக்கு வரேன். எங்க பில்டிங்லயே திருச்சிக்காரர் ஒருத்தர், பொட்டி தட்டுற உத்தியோகம், நல்ல மனுஷன். "என்னங்க இது, ஒரு அர்டுயினோ போட்டா இருபது வரியில முடிஞ்சுடும். எதுக்கு இந்த ஐ.சி. எல்லாம்?"னார். இந்தக் கேள்வியை இப்ப எல்லாரும் கேக்கறாங்க. ஸ்கூல்லயே "டிங்கரிங்"னு சொல்லி முதல் நாளே போர்டைத்தான் கையில கொடுக்கறாங்க.

அர்டுயினோ மேல எனக்குப் பகை இல்லை. 2005-ல இத்தாலியில மாணவர்களுக்காகத்தான் அது பொறந்துது, நல்ல நோக்கம். பேட்டரி போனாலும் எண்ணிக்கை நிக்கணுமா, எந்த நாள்ல எத்தனை சுத்துன்னு பதிவு வேணுமா, போனுக்கு அனுப்பணுமா, கண்ணை மூடிக்கிட்டு மைக்ரோகன்ட்ரோலர் எடுங்க. 4026 பேட்டரியைப் பிடுங்கினா எல்லாத்தையும் மறந்துடும், அதை நான் மறைக்கலை. ஆனா இங்க கேட்டது ரெண்டு இலக்கம். ஊனோ போர்டு சும்மா உக்காந்திருக்கவே 40 மில்லிஆம்பியருக்கு மேல சாப்பிடும். அதே சிப்பைத் தனியா எடுத்துத் தூங்க வைக்கலாமேன்னு அவர் சொன்னார், உண்மைதான், தூங்க வச்சா மைக்ரோஆம்பியருக்கு வந்துடும். ஆனா அதைச் செய்யத் தெரிஞ்ச எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கு நம்ம உபதேசமே தேவையில்லை. மத்த பிள்ளைங்க என்ன பண்ணும்? எங்கேர்ந்தோ இருபது வரியை எடுத்து ஒட்டும். ஒன்பதுலேர்ந்து பத்து ஆகும்போது என்ன நடக்குதுன்னு அதுல எங்க தெரியுது? இங்க கேரி பின்ல ஒரு எல்.இ.டி.யை மாட்டினா, 0 முதல் 4 வரை எரியும், 5 முதல் 9 வரை அணைஞ்சிருக்கும், மறுபடி 0 வரும்போது எரியும், அந்த எரியற நொடியில பக்கத்து இலக்கம் ஒண்ணு ஏறும். என் பொண்ணு அதையே பத்து நிமிஷம் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கிட்டிருந்தா. ஒண்ணாங்கிளாஸ்ல "மிச்சம் ஒண்ணு"ன்னு விரல்ல வச்சுக்கிட்டது இதுதானான்னு கேட்டா.

திருச்சிக்காரருக்கும் எனக்கும் வியாதி ஒண்ணுதான். அவர் கையில இருக்கறது போர்டு, என் கையில இருந்தது 7490. ரெண்டு பேருமே பதிலைப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டு, பிள்ளை கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே நீட்டறோம்.

4026-ஐயும் அப்படி நீட்டாதீங்க, அதையும் சொல்லிடறேன். ஃப்ரீக்வென்சி கவுன்டர் செய்யணும்னு பிள்ளை வந்தா 4026 வேண்டாம். எண்ணும்போது எண்ணைப் பிடிச்சு நிறுத்தி வைக்கிற லாட்ச் அதுல இல்லை, டிஸ்ப்ளே முழுக்க ஓடிக்கிட்டே இருக்கும். 5 வோல்ட்ல வேகமும் சில மெகாஹெர்ட்ஸோட சரி. அங்க 74ஹெச்.சி.390-ம் லாட்ச் உள்ள 4511-ம் சரியான ஜோடி. வரிசையா பத்து விளக்கு ஓடணும்னா 4017. கடிகாரத்துக்குத் துடிப்பு வேணும்னா 4060-ல ஒரு 32,768 ஹெர்ட்ஸ் கிறிஸ்டல், கடைசி பின்ல நொடிக்கு ரெண்டு துடிப்பு வந்துடும், இன்னொரு ஃபிளிப்-ஃபிளாப் போட்டா நொடிக்கு ஒண்ணு. எண்ணிக்கையை வச்சு இன்னொரு சர்க்யூட்டை ஓட்டணும்னா 7490 மாதிரி ரிப்பிள் வகையறாக்கிட்ட ஜாக்கிரதை. 393-ல 7-லேர்ந்து 8-க்குப் போற வழியில 6, 4, 0-ன்னு ஒரு கண நேரம் எட்டிப் பார்த்துட்டுதான் போகும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, பின்னாடி இருக்கற கேட்டுக்குத் தெரியும். அதுக்கு 74ஹெச்.சி.163, எல்லா பிட்டும் ஒண்ணா மாறும். பழைய புஸ்தகத்துல 74சி926 போட்டு நாலு இலக்க கவுன்டர் பார்த்துட்டு மார்க்கெட்டெல்லாம் அலையாதீங்க. அருமையான சிப், ஆனா கம்பெனியே நிறுத்தியாச்சு.

ஒண்ணு பாக்கி. எந்தச் சிப்பை எடுத்தாலும் மாட்டிக்கற இடம், பட்டன்.

முதல் நாள் டப்பாவை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போன அம்மா கால் மணி நேரத்துல இறங்கி வந்துட்டாங்க. "ஏட்டி, நான் பத்து சுத்துதான் சுத்துனேன். இது முப்பத்தேழுங்குது. உங்கப்பன் செஞ்சதா இது?"

நான் செய்யலைன்னு சொல்ல முடியாத நிலைமை. பட்டனை ஒரு தடவை அமுக்கினா உள்ள தகடு சில மில்லிசெகண்டு துள்ளும். நமக்கு ஒண்ணு, சிப்புக்கு மூணு நாலு. இதுவும் நம்ம லேப்ல வந்ததில்லை, அங்க கிளாக் ஜெனரேட்டர் இருந்துது. பொண்ணு முகம் சுருங்கினதைப் பார்த்து எனக்குப் பழைய பயம் வந்துடுச்சு. இந்தத் தடவை "லூஸ் கனெக்ஷன்"னு சொல்லலை. "எனக்கும் தெரியலை, பாப்போம்"னேன். அவளே தேடிக் கண்டுபிடிச்சா. 40106-ல ஒரு இன்வெர்டர், 100 கிலோ ஓம் ஒண்ணு சப்ளைலேர்ந்து, பட்டனுக்குக் குறுக்க 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். துள்ளலை கெபாசிட்டர் முழுங்கிடும், ஷ்மிட் டிரிக்கர் சுத்தமா ஒரே ஒரு அடி கொடுக்கும். மிச்சம் அஞ்சு இன்வெர்டரோட இன்புட்டையும் கிரவுண்டுல கட்டணும்னு அவதான் எனக்குச் சொன்னா. சிமாஸ்ல அந்தரத்துல விட்ட பின் ஹையும் இல்லை லோவும் இல்லை, பேய் பிடிச்ச மாதிரி ஆடும்.

இப்ப புளியங்கொட்டை குழம்புக்கும் ஆகாம டப்பாவுல கிடக்கு. அம்மா நாப்பது சுத்தும் டப்பாவோடதான். ஆனா புதுசா ஒரு புகார். இது எத்தனை ஆச்சுன்னு சொல்லுது, இன்னும் எத்தனை பாக்கின்னு சொல்ல மாட்டேங்குதாம். நாப்பதுலேர்ந்து கீழ இறங்கணுமாம். பொண்ணு ராத்திரி 40110-ம் 74ஹெச்.சி.192-ம் டேட்டாஷீட் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. எட்டிப் பார்த்தேன். 192-ல ஆரம்ப எண்ணை உள்ள ஏத்தலாம், ஆனா தனி டிகோடர் வேணும். 40110-ல டிகோடர் உள்ளயே இருக்கு, ஆனா நாப்பதை எப்படி ஏத்தறதுன்னு தெரியலை. எனக்கு ஒரு யோசனை இருந்துது. கேக்கலை, சொல்லலை. சனிக்கிழமை கிரான்ட் ரோடு போறோம், லிஸ்ட் அவகிட்ட இருக்கு.